நந்தியாவட்டையில் நீலக்கண் புழு: அரளி அந்துப்பூச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு நாள் மழை பெய்து நந்தியாவட்டை தளிர்விடத் தொடங்கினால் எனக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். மாடித்தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள், அவர்களுடைய உறவினர்கள், அவர்களுடைய பக்கத்து வீட்டார் என்று பலர் அனுப்புவார்கள். எல்லாப் படங்களிலும் ஒரே உருவம்தான்: விரல் தடிமனில் பச்சைப் புழு, தலைப்பக்கம் இரண்டு நீலக் கண்கள். கூடவே ஒரே கேள்வி: "இதற்கு என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்து வாங்கப் புறப்படும் முன் இந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள் என்று சொல்வதற்காகவே இவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

எங்கள் செடியில் பாம்புத் தலை போல ஒன்று அசைகிறது. அது என்ன?

அது அரளி அந்துப்பூச்சியின் புழு. நன்றாக வளர்ந்தால் 7 முதல் 8.5 செ.மீ. நீளம் இருக்கும். உடல் இளம்பச்சை. இரு பக்கமும் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு, அதை ஒட்டி உப்பைத் தூவியதுபோல் வெண்புள்ளிகள். வால் முனையில் கீழ்நோக்கி வளைந்த குட்டையான மஞ்சள் கொம்பு. சில புழுக்கள் பச்சையாக இல்லாமல் வெண்கல நிறத்திலும் இருக்கும்.

நீங்கள் பார்த்து அதிர்ந்த அந்தக் கண்கள் கண்களே அல்ல. தலைக்குச் சற்றுப் பின்னால் முதுகுத் தோலில் உள்ள இரண்டு வட்டங்கள் அவை: நடுவில் வெண்மை கலந்த நீலம், சுற்றிலும் கறுப்பு வளையம். புழு அமைதியாகத் தின்றுகொண்டிருக்கும்போது அவை தோல் மடிப்பில் பாதி மறைந்திருக்கும். கிளையை ஆட்டினாலோ நிழல் விழுந்தாலோ உண்மையான தலையைக் கீழே உள்ளிழுத்து, முன்னுடம்பைப் புடைத்துக்கொள்ளும். உடனே மடிப்பு விரிந்து இரண்டு கண்களும் முழுதாகத் திறக்கும். ஒரு சிட்டுக்குருவி அலகு நீட்டி வரும் நேரத்தில் இலைக்கு நடுவே ஏதோ ஒரு பெரிய முகம் தன்னை உற்றுப் பார்த்தால் என்ன செய்யும்? ஒரு நொடி தயங்கும். புழுவுக்கு அந்த ஒரு நொடி போதும். நாமும் அதே தயக்கத்தில்தான் இரண்டடி பின்வாங்குகிறோம்.

கடிக்குமா? கொட்டுமா? தொட்டால் அரிக்குமா?

மூன்றும் இல்லை. நம் வீடுகளில் எந்தப் புழுவைப் பார்த்தாலும் கம்பளிப்பூச்சி என்று சொல்லிவிடுகிறோம். கம்பளிப்பூச்சி என்றால் உடல் முழுக்க மயிர் இருக்க வேண்டும்; அரிப்பைத் தருவது அந்த மயிர்தான். இந்தப் புழுவின் உடலில் மயிரே கிடையாது. தொட்டால் குளிர்ந்த ரப்பர் போல வழவழப்பாக இருக்கும். வால் கொம்பும் மெத்தென்ற சதைதான், அதில் விஷமும் இல்லை. மிரண்டால் வாயிலிருந்து பச்சையாகக் கொஞ்சம் கக்கும். அது மென்ற இலைச்சாறு.

ஆனால் கையைக் கட்டாயம் கழுவுங்கள். புழுவுக்காக அல்ல, செடிக்காக. அரளி, நந்தியாவட்டை இரண்டின் சாறும் வாயிலோ கண்ணிலோ படக்கூடாதவை. குழந்தைகள் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு குச்சியில் ஏற்றிக் காட்டுங்கள்.

இதற்குத் தமிழில் பெயர் உண்டா?

நெல்லிலும் அரிசியிலும் சேரும் சிறு பூச்சியை அந்து என்று வீட்டுப் பெண்கள் சொல்லி வந்தார்கள். அந்தச் சொல்லை விரித்தே இன்று இரவில் பறக்கும் இவ்வகைப் பூச்சிகள் அனைத்தையும் அந்துப்பூச்சி என்கிறோம். விளக்கைச் சுற்றுவதால் விட்டில் என்போரும் உண்டு. சிறகைக் குறுக்கிக்கொண்டு வேகமாகப் பாயும் இக்குடும்பத்துக்குப் பருந்து அந்து என்ற பெயர் இப்போது பரவிவருகிறது. அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நீரியை. லின்னேயஸ் 1758-ல் சூட்டிய பெயரில் உள்ள 'நீரியை', அரளியின் செடிப்பெயரான நீரியம் என்பதிலிருந்து வந்தது. ஆகவே அரளி அந்துப்பூச்சி என்பது பொருத்தமான பெயர்தான். நான் அதையே பயன்படுத்துகிறேன்.

வளர்ந்த பூச்சி எப்படி இருக்கும்?

புழுவைப் பார்த்து முகம் சுளித்தவர்களிடம் நான் பூச்சியின் படத்தைக் காட்டுவேன். பலரும் இது நம் ஊர்ப் பூச்சியா என்று கேட்பார்கள்.

சிறகை விரித்தால் 9 முதல் 11 செ.மீ. அகலம். முன்சிறகு முழுவதும் பச்சையின் பல சாயல்கள்: பாசிப் பச்சை, ஆலிவ் பச்சை, காய்ந்த வேப்பிலைப் பச்சை. அவற்றுக்கு நடுவே ரோஜா நிறத்திலும் வெண்மையிலும் வளைந்து வளைந்து ஓடும் பட்டைகள். பின்சிறகின் உட்பகுதி ஊதா கலந்த சாம்பல், வெளிப்பகுதி பச்சை, இரண்டையும் பிரிக்கும் மெல்லிய வெளிர்கோடு. முன்சிறகு உடலோடு சேரும் இடத்தில் வெளிர்நிறத் திட்டும் அதன் நடுவே கரும்பச்சைப் புள்ளியும் உண்டு. உட்கார்ந்திருக்கும்போது மேலிருந்து பார்த்தால் அங்கும் ஒரு கண் தெரியும்.

படைவீரர்களின் சீருடை போல் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது மழைக்காலத்துக் கிணற்றுச் சுவரை நினைவூட்டுகிறது. பகலில் இலைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டால் ஓரடி தூரத்தில் இருந்தாலும் கண்ணில் படாது.

முட்டையிலிருந்து பூச்சியாவதற்கு எத்தனை நாள் ஆகும்?

நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய 4 முதல் 6 வாரம்.

தாய்ப்பூச்சி இரவில் வந்து இளந்தளிர்களில் ஒவ்வொன்றாக முட்டையிடும். குவியலாக இடாது, இலைக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று எனப் பிரித்து வைக்கும். வெளிர்பச்சையில் கசகசாவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். இவ்வளவு பெரிய பூச்சிக்கு இது மிகச் சிறிய முட்டை. மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும்.

வெளிவரும் குஞ்சுப்புழு 3, 4 மி.மீ. நீளம்தான். நிறம் மஞ்சள். உடலோடு பொருந்தாத அளவுக்கு நீண்ட, மயிரிழை போன்ற கறுப்புக் கொம்பு வாலில் நிற்கும். தின்னத் தின்ன உடல் பச்சையாகும். நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கும். தோலுரிக்கும் முன் ஒரு நாள் போல அசையாமல், தின்னாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்து எடுத்து எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொரு தோலுரிப்பிலும் கொம்பு உடலோடு ஒப்பிடக் குட்டையாகிக்கொண்டே வரும். கண்புள்ளிகளோ முதலில் வெறும் வெண்பொட்டாகத் தோன்றி, போகப் போக நீலம் ஏறி வளையம் கட்டும்.

புழுப்பருவம் மொத்தம் இரண்டு முதல் மூன்று வாரம். உண்ணும் இலையில் பெரும்பகுதியைக் கடைசிப் பருவத்தின் சில நாட்களில் உண்டுவிடும். நேற்று வரை நன்றாக இருந்த செடி இன்று மொட்டையாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் மிகைப்படுத்தவில்லை. புழு பல நாளாக அங்கேதான் இருந்தது. பசி இப்போதுதான் உச்சத்துக்கு வந்திருக்கிறது.

பிறகு தரைக்கு இறங்கிக் கூட்டுப்புழுவாகும். அதில் 10 முதல் 15 நாள்.

பழுப்பாக ஒரு தடித்த புழு திண்ணையில் வேகமாக ஊர்கிறது. இது வேறு இனமா?

இல்லை, அதே புழுதான். உண்டு முடித்ததும் அதன் நிறமே மாறிவிடும். முதுகு கருத்துப் பழுப்பாகும், நீலக்கண்களும் கருத்துவிடும். பச்சை இலைமேல் பச்சையாக இருந்தது, மண்மேல் நடக்கும் நேரத்தில் மண் நிறத்துக்கு மாறிக்கொள்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் இந்த மாற்றம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இந்த நிலையில் அது உணவைத் தேடவில்லை, ஒதுங்க இடம் தேடுகிறது. காய்ந்த சருகுக்கு அடியிலோ மேல்மண்ணிலோ இழைகளால் சருகைத் தளர்வாகப் பின்னிக்கொண்டு உள்ளே படுக்கும். பட்டுப்புழுவின் கூடு போல் இறுக்கமாக இருக்காது, ஊதினால் பிரிந்துவிடும். இரண்டொரு நாளில் உள்ளே தோலுரித்துக் கூட்டுப்புழுவாகிவிடும். இளம்பழுப்பு நிறம், ஏறக்குறைய 6 செ.மீ. நீளம், வயிற்றுப்பக்கம் நடுவே ஒரு கறுப்புக் கோடு, பக்கவாட்டில் மூச்சுத்துளைகளைக் காட்டும் கறுப்புப் புள்ளிகள்.

சிமென்ட் தரை, ஓடு பதித்த மாடி, கூட்டிப் பெருக்கிய முற்றம் ஆகியவற்றில் இது அலைந்து அலைந்தே செத்துப்போகும், அல்லது காலில் மிதிபடும். கண்டால் ஒரு தாளில் ஏற்றி, சருகு கிடக்கும் நிழலான மண்ணில் விட்டுவிடுங்கள்.

அரளி விஷச்செடி ஆயிற்றே. இந்தப் புழு மட்டும் எப்படிச் சாகாமல் இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அரளியை வரிசையாக நடுகிறார்கள் அல்லவா? வறட்சியைத் தாங்கும், பூக்கும் என்பதோடு ஆடு மாடு வாய் வைக்காது என்பதும் அதற்குக் காரணம். அரளியில் உள்ள ஒலியாண்ட்ரின் போன்ற நஞ்சுகள் உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் இறைப்பியை அடைத்துவிடும். இதயமும் நரம்பும் அந்த இறைப்பியை நம்பித்தான் இயங்குகின்றன. அதனால்தான் அரளி மனிதரையும் மாட்டையும் கொல்கிறது.

இத்தகைய நஞ்சுச் செடிகளில் வாழும் பல பூச்சிகளில் அந்த இறைப்பியின் அமைப்பே சற்று மாறியிருக்கும்; நஞ்சு அதில் ஒட்டாது. அரளிப் புழுவும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். 2009-ல் வெளியான ஆய்வு அதற்கு நேர்மாறாகச் சொன்னது. அதன் நரம்பிலிருந்து எடுத்த இறைப்பி நஞ்சுக்கு எளிதில் அடைபட்டுவிட்டது. அப்படியானால் புழு பிழைப்பது எப்படி? அதன் நரம்புகளைச் சுற்றி உறைபோல் இருக்கும் மெல்லிய அடுக்கு நஞ்சை உள்ளே விடுவதில்லை என்பதைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. பூட்டு பழைய பூட்டுதான், கள்ளச்சாவியும் அதில் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் சாவியைக் கொண்டுவருபவனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது இந்த உடல்.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எருக்கிலையைத் தின்னும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி, செடியின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைக்கும். அதனால் அதற்கு ஒளியத் தேவையில்லை. பளிச்சென்ற நிறத்தில் 'என்னைத் தின்றால் கசக்கும்' என்று அறிவித்துக்கொண்டு மெதுவாகப் பறக்கும். அரளிப் புழு நஞ்சைச் சேர்த்து வைப்பதில்லை. பறவைக்கு அது சுவையான இரை. அதனால்தான் இலையின் பச்சை, அதனால்தான் அந்தப் பொய்க் கண், அதனால்தான் தரையில் இறங்கும்போது மண்ணின் பழுப்பு.

அரளி, நந்தியாவட்டை தவிர வேறு செடிகளைத் தின்னுமா?

நித்தியகல்யாணி, அடீனியம், சர்ப்பகந்தா, ஏழிலைப்பாலை, களா. எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். உங்கள் கத்தரி, வெண்டை, ரோஜாவை இது தொடாது. நகர வீடுகளில் அரளியைவிட நந்தியாவட்டையில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இலையெல்லாம் காணாமல் போகிறது, ஆனால் புழுவைக் காணோமே?

இலையைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். செடிக்கு அடியில் மிளகைக் கொட்டியதுபோல் கரும்பச்சை உருண்டைகள் கிடக்கும். பெரிய புழுவின் எச்சம் பீப்பாய் வடிவில், நீளவாக்கில் வரிப்பள்ளங்களோடு இருக்கும். புதிதாக, ஈரமாகக் கிடக்கும் இடத்துக்கு நேர் மேலே பாருங்கள். புழு அங்கே காம்போடு காம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

செடி பட்டுப்போகாதா? என்னதான் செய்வது?

வேரூன்றிய நந்தியாவட்டை பட்டுப்போகாது. மொட்டையான கிளையிலிருந்து சில வாரங்களில் புதுத்தளிர் வரும். கவாத்து செய்ததுபோல் அடர்ந்தும் வளரும். ஒரு செடியில் இரண்டு மூன்று புழு இருந்தால் நான் அப்படியே விட்டுவிடுவேன். இரண்டு வாரம் பூ குறையும், அவ்வளவுதான்.

சிறு தொட்டியில் இப்போதுதான் வேர்பிடித்த கன்று என்றால் கவலைப்படுவது நியாயம். அப்போது புழு இருக்கும் காம்போடு வெட்டி, பக்கத்தில் உள்ள பெரிய நந்தியாவட்டையில் செருகிவிடுங்கள். கையால் பிய்த்து இழுக்க வேண்டாம். அதன் பின்கால்கள் இடுக்கிபோல் பற்றியிருக்கும், இழுத்தால் உடல் கிழியும். கூடுமானவரை ஒரே வகைச் செடிக்கு மாற்றுங்கள். நந்தியாவட்டையில் வளர்ந்த புழு நடுவில் அரளிக்கு மாற்றினால் உண்ண மறுப்பதுண்டு.

சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் மாலைக்காக அரளியைப் பயிராகவே வளர்க்கிறார்கள். அங்கே பூ என்பது பிழைப்பு. அவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது. வீட்டு வாசலில் ஒரே ஒரு செடி வைத்திருப்பவர் ஒரு புழுவுக்காகப் பூச்சிக்கொல்லி அடிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். அந்த மருந்து புழுவோடு நிற்பதில்லை. மறுநாள் காலையில் அதே பூவுக்கு வரும் தேனீயும், அதே கிளையில் இரை தேடும் தையல்சிட்டும் அதை உடலில் ஏற்றிக்கொள்ளும்.

பூச்சி என்ன உண்ணும்? அதனால் நமக்கு ஏதாவது பயன் உண்டா?

பட்டுப்பூச்சிக்கும் அட்லஸ் அந்துப்பூச்சிக்கும் வளர்ந்தபின் உண்ணும் வாயே இல்லை. புழுவாகத் தின்றதைக் கொண்டே நாட்களை ஓட்டி முடிந்துவிடும். அரளி அந்துப்பூச்சி அப்படியல்ல. அந்தி சாய்ந்ததும் சிறகைக் கொஞ்ச நேரம் நடுக்கி உடலைச் சூடேற்றிக்கொண்டு புறப்படும். பூவின்மேல் உட்காராது. தேன்சிட்டு போல் அந்தரத்தில் நின்றபடியே சுருள் குழலை நீட்டித் தேன் உறிஞ்சும். அந்திமந்தாரை, மல்லிகை போன்று மாலையில் மணக்கும் குழல் பூக்கள் அதற்கு உகந்தவை. அந்திமந்தாரைச் செடிக்குப் பக்கத்தில் விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். சிறகடிப்பின் மெல்லிய ரீங்காரம் காதில் விழும்.

பயன் என்று கேட்டால் பப்பாளியைச் சொல்வேன். ஆண் மரம், பெண் மரம் என்று தனித்தனியாக வளரும் நாட்டுப் பப்பாளியில் ஆண் பூவில்தான் தேன் உண்டு. அதே மணத்தை நம்பிப் பெண் பூவுக்கும் வந்து ஏமாந்து போகும் இரவுப் பூச்சியே மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கிறது. கென்யாவின் பப்பாளித் தோட்டங்களில் இப்படி வந்துபோகும் பருந்து அந்துகளில் அரளி அந்துப்பூச்சியும் ஒன்று என்று பதிவாகியிருக்கிறது.

டியூப்லைட்டுக்கு வந்து காலையில் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. அடிபட்டதா?

பெரும்பாலும் இல்லை. பகல் முழுக்க அசையாமல் இருப்பது அதன் இயல்பு. ஆனால் வெள்ளைச் சுவரில் அதன் பச்சை எந்த மறைப்பும் தராது. பல்லியோ கரிச்சானோ பார்த்துவிடும். ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் தாளை நுழைத்து எடுத்து, இலை அடர்ந்த செடியில் விடுங்கள். அன்றிரவு அந்த விளக்கை அணைத்து வையுங்கள்.

சிறகுத் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடுமா?

போகாது. எனக்கும் சிறுவயதில் இதைச் சொல்லித்தான் மிரட்டினார்கள். அந்தத் தூள் சிறகை மூடியிருக்கும் நுண்செதில்கள். அதன் வண்ணம் முழுவதும் அவைதான். மற்ற தூசியைப் போல் உறுத்தலாம், தண்ணீரால் கழுவினால் போதும். இழப்பு பூச்சிக்குத்தான்: உதிர்ந்த செதில் மீண்டும் முளைக்காது. சிறகைப் பிடிக்காதீர்கள்.

குழந்தைகளுக்குக் காட்ட வீட்டில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா, மேலே கட்ட வலைத்துணி, தினமும் புதுத்தளிர், தினமும் எச்சத்தைத் துடைத்தல், இவ்வளவே. தண்ணீர் தெளிக்க வேண்டாம். இலையிலேயே ஈரம் இருக்கிறது. டப்பாவில் புழுக்கம் சேர்ந்தால் நோய் வரும்.

புழு நிறம் மாறியதும் இரண்டு அங்குல உயரத்துக்கு உதிரி மண்ணும் சருகும் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு தோண்டிப் பார்க்கக்கூடாது. முதல்முறை வளர்த்தபோது மூன்றாம் நாளே ஆவல் தாங்காமல் சருகை விலக்கினேன். அப்போதுதான் தோலுரித்திருந்த கூட்டுப்புழு வெண்ணெய் போல் மென்மையாக இருந்தது. என் நகம் பட்டு அது கெட்டுப்போனது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஒரு சொரசொரப்பான குச்சியைச் சாய்த்து வைக்க மறந்துவிடாதீர்கள். கூட்டிலிருந்து வெளிவரும் பூச்சியின் சிறகுகள் சுருங்கிக் கசங்கியிருக்கும். எதிலாவது ஏறித் தொங்கினால்தான் உடல்நீர் பாய்ந்து அவை விரியும். ஏற இடமில்லாவிட்டால் சிறகு கசங்கியபடியே காய்ந்து இறுகிவிடும். அந்தப் பூச்சி ஒருபோதும் பறக்காது.

என் புழு திடீரென்று சுருங்கிச் செத்துவிட்டது. நான் என்ன தவறு செய்தேன்?

பெரும்பாலும் உங்கள் தவறு எதுவும் இருக்காது. புழுவைக் கொண்டுவரும் முன்பே ஓர் ஒட்டுண்ணி ஈயோ குளவியோ அதில் முட்டையிட்டிருக்கும். ஈயின் புழுக்கள் உள்ளிருந்தே தின்று வளர்ந்து, சில வேளை கூட்டுப்புழுவானபிறகுகூடத் துளைத்து வெளிவரும். பார்க்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் ஊரிலுள்ள அரளியெல்லாம் ஆண்டு முழுவதும் மொட்டையாக நிற்காமல் இருப்பதற்கு அந்த ஈக்களும் குளவிகளும், எறும்பும், செம்போத்தும், தவிட்டுக்குருவியும்தான் காரணம்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ளதா?

ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்கு ஆசியா வரை உண்டு, இலங்கையிலும் உண்டு. கோடையில் சில பூச்சிகள் மத்தியதரைக் கடலைத் தாண்டி ஐரோப்பாவுக்குள் வெகுதூரம் பறந்து போகும். அங்கே உறைபனியைத் தாங்காமல் குளிர்காலத்தில் அழிந்துவிடும். 1974-ல் ஹவாய்த் தீவுகளில் தென்பட்டு, அங்கேயே நிலைபெற்றுவிட்டது.

எள் செடியிலும் திராட்சைக் கொடியிலும் இதேபோல் புழு இருக்கிறதே?

அவை இதன் உறவினர்கள். எள்ளில் இருப்பது மண்டையோட்டு அந்துப்பூச்சியின் புழு; பக்கங்களில் சாய்ந்த கோடுகள் ஓடும், கண்புள்ளி இருக்காது. திராட்சையிலும் சேம்பிலும் வருவனவற்றுக்குக் கண்புள்ளி உண்டு, ஆனால் அது நீலக்கண் அல்ல. என்ன செடி என்பதை முதலில் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

கூட்டுப்புழுவாகி மூன்று வாரம் ஆகிறது, இன்னும் வெளிவரவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். மார்கழிக் குளிரில் நாட்கள் நீளும். விரல் நுனியால் வாலைத் தொடுவதுபோல் மிக மெல்லத் தொட்டுப் பாருங்கள். உயிரிருந்தால் வயிற்று வளையங்களை ஒருமுறை நெளிக்கும். நெளித்தால் சருகை மூடிவிட்டுக் காத்திருங்கள். சிறகுகளின் பச்சை மேலோட்டின் வழியே நிழல்போலத் தெரியத் தொடங்கிவிட்டால் அன்றிரவோ மறுநாளிரவோ வந்துவிடும். குச்சி சாய்ந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.